மறதிக்காரருக்கு ஏற்ற துப்பாக்கி

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வெர்னா ஷ்லேகலின் கடையில், உப்பு மூட்டைகளுக்கும் மெழுகுவத்திப் பெட்டிகளுக்கும் நடுவில் கிடைத்தது.

டிசம்பர் முதல் வாரம். வாசற்படியில் இறுகிக் கிடந்த பனிமேல் தூவ உப்பு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் எல்வுட் க்ரைட்சர் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, காகித ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர், என் எதிர்வீட்டுக் கோரினின் அப்பா. இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, மாவு விலை விசாரிக்கிற குரலில் அவர் கேட்டார்:

"வெர்னா, மறதிக்காரனுக்குத் தோதா ஒரு துப்பாக்கி இருக்கா?"

நான் உப்பு மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்துமூன்று வருடமாக இந்த மலையடிவாரத்து ஊரில் இருக்கிறேன். ஒரு கதையின் முதல் வரி இப்படித் தானாக வந்து மடியில் விழுந்ததே இல்லை.

2

விழுந்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்தப் புத்தி ஏது? வீட்டுக்கு வந்து வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில் பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு" (பனி எப்போதும் பொழிந்துகொண்டுதான் இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

"நினைவு என்பது ஒரு வகையான வெடிமருந்து" (இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.)

"எல்வுட் க்ரைட்சருக்கு ஞாபகம் தப்புகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய" (நாய் என்று எழுத வந்தேன். அவரிடம் நாய் கிடையாது.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் கடைசியில், ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவத்தின் மூன்றாம் நாள், எல்வுட் மலையிலிருந்து இறங்கி வந்து துப்பாக்கியை வண்டியில் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். மளிகைப் பைகளை வைக்க இடம் பார்த்த கோரின் அதை நகர்த்தினாள். பழக்க தோஷத்தில், தோட்டா அறையை மூடும் போல்ட்டை இழுத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு தோட்டா இருந்தது.

எடுத்துவிட்டேன் என்றார் எல்வுட். எடுத்ததாகவே அவர் நினைத்திருந்தார், அதுதான் சங்கடம். அதற்கு முந்தைய மாதம்தான் டாக்டர், "ஆரம்ப நிலை, பயப்பட வேண்டாம், எதையும் எழுதி வைத்துச் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கோரின் போல்ட்டைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள்மேல் தப்பில்லை. அந்த வண்டியில் அவளும்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

நாற்பத்தொரு வருடமாக எல்வுட் தன் சிநேகிதன் லமாரோடு அதே மேட்டுக்குப் போகிறார். இந்த வருடம் இனி மிச்சமிருப்பது ஒரே பருவம்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும், தீக்கல் துப்பாக்கிக்கு மட்டுமான பருவம். குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இடித்து இறக்கி, கல்லில் பொறி தட்டிச் சுடுவது. லமார் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எல்வுட் அந்தப் பக்கமே போனதில்லை, அது வேலையற்றவர்கள் வேலை என்று லமாரைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

3

இப்போது மறுபடி கடைக்கு வாருங்கள்.

வெர்னாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஊர்த் துப்பாக்கிக் கிளப்பின் செயலாளரும் அவள்தான். எல்வுட் கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை.

"எந்த மாதிரி மறதி?"

"எல்லா மாதிரியும். முந்தாநேத்து முட்டைய வேக வச்சுட்டு லமாரோட போன்ல பேசிட்டிருந்தேன். முட்டை கூரையில ஒட்டிக்கிச்சு."

"முட்டை விஷயத்துல என் வீட்டுக்காரரும் அப்படித்தான். மேல சொல்லுங்க."

"தோட்டாத் துப்பாக்கி வாயைத் திறக்க மாட்டேங்குது, வெர்னா. உள்ள இருக்கா இல்லையான்னு நான்தான் ஞாபகம் வச்சிருக்கணும். அதான் என்கிட்ட இல்லையே. தானாச் சொல்ற துப்பாக்கியா ஒண்ணு குடு."

(போல்ட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். திறந்து பார்க்க வேண்டும் என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டுமே.)

வெர்னா சுவரிலிருந்து ஒன்றை இறக்கி, அதன் குழலுக்குக் கீழே செருகியிருந்த, குண்டை இடித்துக் கெட்டிக்கும் கோலை உருவி, குழல் வாய்க்குள் விட்டாள். டங் என்றது.

"காலியா இருந்தா இந்தச் சத்தம் வரும். வாய் ஓரத்துல கோலை விரலால புடிச்சுக்கங்க. இங்க ஒரு கோடு போட்டுக்கலாம். மருந்தும் குண்டும் உள்ள இருந்தா கோல் இவ்வளவு மேல நிக்கும். அங்க இன்னொரு கோடு. எப்ப சந்தேகம் வந்தாலும் கோலை விட்டுப் பாருங்க. துப்பாக்கியே சொல்லிடும்."

எல்வுட் கோலை வாங்கி மூன்று தடவை விட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் டங். முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். கொதிகலனில் நீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயை முப்பத்தைந்து வருடம் பார்த்த மனிதர். பார்த்துத் தெரிந்துகொள்வது என்பது அவருக்குக் கைவந்த விஷயம்.

"இதையே குடுத்துடு."

"இருங்க. பொண்ணு பாக்க வந்துட்டு முதல் வீட்டுலயே தாலியக் கட்டுறீங்களே." வெர்னா வேறு ஒன்றை எடுத்தாள். அலை அலையாக வரி ஓடிய மேப்பிள் கட்டை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்வுட் அதைத் தடவிக் கொடுத்தார். வெர்னா எச்சரித்தாள்: "அழகுதான். ஆனா இதுல விசை ரெண்டு. பின்னாடி இருக்கறதை முதல்ல இழுத்து வச்சுட்டு, அப்புறம் முன்னாடி இருக்கறதைத் தொடணும்."

"அப்ப வேணாம். ஒண்ணை ஞாபகம் வச்சுக்கவே நான் ஆள் தேடிட்டிருக்கேன்."

கடைசியில் நின்றது சாதா வால்நட் கட்டை, ஒற்றை விசை, வாய் அரை அங்குலம். வெர்னா குழலை வெளிச்சத்தை நோக்கிச் சாய்த்து உள்ளே காட்டினாள்.

"குண்டைச் சுழல வைக்க உள்ள வெட்டியிருக்கற வரி ரொம்ப மெதுவா சுத்துது பாருங்க. இது உருண்டைக் குண்டுக்குன்னே செஞ்சது. நீளக் குண்டு போட்டீங்கன்னா அது எங்க போகும்னு ஆண்டவருக்கே தெரியாது. நீளக் குண்டு வேணும்னா வேகமா சுத்துற குழல் ஒண்ணு இருக்கு, அது வேற."

"உருண்டையே இருக்கட்டும். உருண்டையில எது முன்பக்கம்னு யோசிக்க வேண்டியதில்லை."

இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கதையை எழுதலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். உப்பு விலைச்சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

குண்டு சுத்த ஈயமாக இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும் என்றாள் வெர்னா. வாயைவிட ஒரு நூல் சிறியதாக இருக்க வேண்டும். மிச்ச இடத்தைக் கொழுப்புத் தடவிய துணி அடைத்துக்கொள்ளும், வரியைப் பிடிப்பதும் துணிதான். குழலுக்குள் எழுபது கிரெய்ன், அதாவது நாலரை கிராம், மருந்து. வெளியே பொறி விழும் சின்னக் கிண்ணத்தில் அதைவிட நைசான மருந்து ஒரு சிட்டிகை.

"மருந்து அசல் கருமருந்தா வாங்குங்க. மாற்று மருந்து கல்லுப் பொறிக்குச் சுலபத்துல பத்தாது. புகையில்லா மருந்து பக்கமே போயிடாதீங்க, குழல் வெடிச்சுக் கையோட போயிடும். டப்பாவுலேர்ந்து நேரா கொட்டாம, அளவுக் கிண்ணியில அளந்து ஊத்துங்க."

"எழுதிக் குடு," என்றார் எல்வுட். வெர்னா எழுதிக் கொடுத்தாள்.

4

இந்த இடத்தில் கதை ஒரு வாரம் நின்றது.

காரணம், எனக்கு எல்வுட்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனிதர்மேல் இல்லை, என் பாத்திரத்தின்மேல். இரண்டாவது வரைவில் அவர் பெரிய ஞானி ஆகிவிட்டிருந்தார், வாயைத் திறந்தாலே முத்து. மூன்றாவதில் பாவப்பட்ட கிழவராகிவிட்டார். லமாரிடம் இரண்டையும் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டினேன். லமார் காபியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவன் இவ்வளவு நல்லவனும் இல்லை, இவ்வளவு அழுமூஞ்சியும் இல்லை. என் ரம்பத்தை வாங்கிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு. கேட்டா, மறந்துட்டேங்கறான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு மறதியே கிடையாது."

ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டு, பார்த்ததை மட்டும் வைத்துக்கொள்கிறேன். (ஊகிக்கிற இடங்களில் அடைப்புக்குறி போடுகிறேன். எல்லா இடத்திலும் போட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.)

எல்வுட் வெள்ளை ஒட்டுநாடாவைத் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒட்டி, அதில் கொட்டை எழுத்தில் எழுதினார். மருந்து. துணி. குண்டு. இடி. கோடு பார். கிண்ணம். தினமும் காலையில் பின்கட்டில் மருந்து இல்லாமல் ஒத்திகை பார்த்தார். ஆலையில் கொதிகலனை ஏற்றும்போது செய்ததுபோல ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு உதடு அசைத்துப் படித்தார். (அந்த விரல் நகரும்போது அவருக்கு எந்தப் பயமும் இல்லை. வேலை தெரிந்த ஆளாகவே இருந்தார்.)

கோரின் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயதுக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கத்திப் பழக்கமில்லை, குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும்.

"ஒண்ணைப் புடுங்கினா இன்னொண்ணு வாங்கிட்டு வர்றீங்க."

"இது சொல்லும்மா. உள்ள இருந்தா இருக்குன்னு சொல்லும். கோலை விட்டுக் காட்டட்டா?"

"நீங்க அங்க தனியா நிப்பீங்க. லமார் அங்கிள் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பார். என்னாலயே உங்களைப் பாத்துட்டு இருக்க முடியாது."

"யாரும் பாத்துட்டிருக்காத இடம்னு எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம், கோரின்."

இதை அவள்தான் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அப்பா சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் அவள் ஒரு பேரத்துக்கு ஒப்புக்கொண்டாள். கிளப்பில், எல்லோர் முன்னாலும், ஐந்து தடவை. கெட்டித்துச் சுட வேண்டும், ஒரு தப்பும் வரக் கூடாது. வந்தால் துப்பாக்கி பரண்மேல் ஏறும், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. எல்வுட் கை கொடுத்து ஒப்புக்கொண்டார். ஆக, இந்தக் கதையில் பணயம் இதுதான். ஐந்து வெடி.

5

டிசம்பர் பதினான்கு, சனிக்கிழமை காலை. கிளப் மைதானத்தில் பதினைந்து பேர் இருந்தோம். வானம் வெளுத்துக் கிடந்தது, காற்று இல்லை. கெட்டிக்கும் மேசை ஓர் ஓரமாக இருந்தது. இலக்கு ஐம்பது கெஜத்தில்.

முதல் வெடி. கல் தட்டியது, கிண்ணத்தில் பளிச், உடனே டமார், வெள்ளைப் புகை மேசையை மூடியது. புகைக்குள்ளிருந்து எல்வுட்டின் தொப்பி முதலில் தெரிந்தது, அப்புறம் பல் தெரிந்தது.

"ஒண்ணு," என்றாள் கோரின்.

இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு தடவையும் விரல் நாடாவைத் தொட்டு நகர்ந்தது. நான்காவது குண்டு நடு வட்டத்துக்குள் போனது. லமாருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், என் கண்ணாடியைப் போட்டுட்டா சுடறே?"

"உன் கண்ணாடிய நீ போட்டிருந்தா நாப்பது வருஷத்துல ஒரு மானாவது செத்திருக்குமே."

ஐந்தாவது. எல்வுட் கெட்டிக்கத் தொடங்கினார். அப்போது கோரின், "அப்பா, காதை மூடற மாதிரி தொப்பிய இழுத்து விட்டுக்கங்க," என்று கூப்பிட்டுச் சொன்னாள். எல்வுட் திரும்பிப் பார்த்தார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார், மறுபடி மேசைப் பக்கம் திரும்பினார். துணியை வைத்தார். குண்டை வைத்தார். இடித்து இறக்கினார். கோட்டைப் பார்த்தார்.

மருந்தும் குண்டும் இருந்தால் குழல் வாய் ஓரத்தில் நிற்க வேண்டிய கோடு உள்ளே போய்விட்டிருந்தது, இரண்டு விரற்கடை.

அவர் கோலிலிருந்து கையை எடுத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்: "மருந்து போடலை."

மருந்து இல்லாத குழலில் குண்டு. கருமருந்துக்காரர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் நடப்பது. கல்லைத் தட்டினால் கிண்ணத்தில் பளிச்சென்று எரிந்து அடங்கும், வெடிக்காது. கோலின் நுனியில் திருகாணி மாட்டி, ஈயத்துக்குள் திருகி, குண்டைக் கடப்பாரை பிடுங்குகிற மாதிரி இழுத்து எடுக்க வேண்டும். லமார் நான்கு முறை இழுத்திருக்கிறார். நான்கு முறையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கல்லைத் திட்டி, காற்றைத் திட்டி, கடைசியில்தான் கண்டுபிடித்தார். எல்வுட் தட்டவே இல்லை. தட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

"மறந்துட்டீங்க," என்றாள் கோரின்.

"கண்டுபுடிச்சிட்டேன்ல?"

"மறந்துட்டீங்க, அப்பா."

இரண்டுமே உண்மை. இந்த இடத்தை ஆறு தடவை எழுதிவிட்டேன், யார் பக்கமும் என்னால் சாய முடியவில்லை.

6

கிளப் உள்ளே, காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகை உண்டு. மருந்து மறந்து இழுக்கப்பட்ட குண்டுகளெல்லாம் அதில் ஆணியில் தொங்குகின்றன. திருகாணி போட்ட துளை ஆணிக்குச் சரியாக இருக்கும். கீழே பேர், தேதி. மாட்டுகிற அன்று எல்லோரும் வரிசையாக வந்து கையைக் குலுக்கி, துக்கம் விசாரிப்பார்கள். "சின்ன வயசுலயே போயிடுச்சே," என்பார்கள் குண்டைப் பார்த்து. அன்றைய காபி மாட்டியவர் செலவு. பலகையில் வெர்னாவின் பேர் இரண்டு தடவை இருக்கிறது, பாதிரியார் பேரும் இருக்கிறது.

வெர்னா எல்வுட்டின் குண்டை இழுத்து எடுத்தாள். எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போனோம். யாரும் பலகையைப் பார்க்கவில்லை. ஒருவர் வானிலை பற்றிப் பேசினார். எல்வுட்டுக்கு முன்னால் யாரோ ஒரு காபியை வைத்து, இரண்டு சர்க்கரை போட்டுக் கலக்கியும் கொடுத்தார்கள்.

எல்வுட் காபியைத் தொடவில்லை. "என் குண்டு எங்க, வெர்னா?"

"இருக்கட்டும் விடுங்க."

"எங்க?"

வெர்னா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எல்வுட் சுத்தியல் கேட்டு வாங்கி, ஆணி அடித்து, குண்டை மாட்டி, கீழே தன் பேரை எழுதினார். திரும்பி நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஓர் ஊர் ஒரு மனிதனைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று அந்த முகத்தில் பார்த்தேன். அதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

கடைசியில் லமார் எழுந்து போய், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு குண்டை உற்றுப் பார்த்தார்.

"பேரைச் சின்னதா எழுதுடா. அடுத்த தடவைக்கு இடம் வேணாமா?"

எல்வுட் சிரித்தார். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். இந்த நேரத்தில் கோரின் அங்கே இல்லை. மேசைமேல் கிடந்த கெட்டிக்கும் கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கோல் இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி வெறும் கட்டைதான்.

7

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) கோரின் பலகைக் கதையைக் கேள்விப்பட்டு மனம் மாறுகிறாள். இருபத்தாறாம் தேதி காலை அப்பாவோடு தானே மேட்டுக்குப் போகிறாள். (அழகாக இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது யாரும் பார்த்துக்கொண்டிருக்காத இடம்.)

ஆ) எல்வுட் வேலியிலிருந்து ஒரு மிளாறை ஒடித்துக் கோலாகச் செதுக்கிக்கொண்டு, சொல்லாமல் கிளம்பிப் போகிறார். மேட்டில் மான் ஒன்று அவரையே (வேண்டாம். மான் ஒன்றும் செய்யாது.)

இ) துப்பாக்கி பரண்மேல் ஏறுகிறது. எல்வுட் அதையும் மறந்துவிடுகிறார். (இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

மூன்றும் சரியாக வராததற்குக் காரணம் முடிவில் இல்லை. ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. அங்கே ஒரு வரி பொய்.

8

தொப்பியைப் பற்றிக் கோரின் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயே திறக்கவில்லை. கெட்டிக்கும் மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது: கெட்டிக்கிறவரிடம் பேசாதீர். மருந்து மறப்பது பெரும்பாலும் யாராவது பேச்சுக் கொடுக்கும்போதுதான், அதனால்தான் அந்தப் பலகையே. கோரினுக்கு அது தெரியாது, ஆனாலும் அவள் பேசவில்லை.

பேசியது நான்.

நான்கு நன்றாகப் போய்விட்ட தைரியத்தில் எல்லோரும் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குறிப்பேட்டோடு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஒரு விவரம் வேண்டியிருந்தது. எல்வுட் அளவுக் கிண்ணியைக் கையில் எடுத்திருந்தார், இன்னும் ஊற்றவில்லை.

"எல்வுட், இந்தத் துணி எதுலேர்ந்து கிழிச்சது?"

அவர் கிண்ணியை வைத்துவிட்டு, துணியை எடுத்து எனக்குக் காட்டினார். நீலக் கோடு போட்ட மெத்தை உறை. "ஜூன் தைச்சதுப்பா," என்றார். ஜூன் அவர் மனைவி, இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தத் துணியைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். பிறகு கையில் இருந்த துணியோடு குழல் பக்கம் திரும்பி, அந்தத் துணியிலிருந்தே தொடர்ந்தார். நான் நகர்ந்து வந்து, "நீலக் கோடு" என்று எழுதிக்கொண்டேன்.

இருபத்துமூன்று வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். அந்தப் பலகையை நூறு தடவை படித்திருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோரின் அந்தக் கோலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அப்பாகிட்ட என் வீட்டுச் சாவி இருக்கு. உங்க வீட்டுல இருக்கட்டும், உங்ககிட்ட வந்து கேக்க மாட்டார்," என்றாள். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "நீங்களும் அங்க இருந்தீங்களே. நான் பண்ணது சரிதானே?"

"சரிதான், கோரின்," என்றேன்.

சொல்லாததற்கு நல்ல காரணமெல்லாம் வைத்திருக்கிறேன். காட்டில் ஒருவரும் பேச்சுக் கொடுக்காமலேயே அவர் மறந்தால்? நான் உண்மையைச் சொல்லி, அதை நம்பி அவள் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? என் கேள்வி அவரை மறக்க வைத்ததா, இல்லை வரப்போகிற மறதியைக் காட்டிக் கொடுத்ததா? இவை நியாயமான கேள்விகள்தான். ஆனால் வாசலில் நின்றபோது இவற்றில் ஒன்றும் என் மனதில் இல்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எல்வுட் யாரிடமும் என் பேரைச் சொல்லவில்லை. நான் கேட்டதையே அவர் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதும் அந்தச் சௌகரியத்துக்காகத்தான். இந்த ஊரில் இதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

9

மேலே உள்ளதை எழுதி முடித்தபோது இன்று, டிசம்பர் இருபத்துநான்கு, மதியம் இரண்டு மணி. கோரின் வீட்டில் மூன்று மணிக்குச் சிப்பிச் சூப். வருடா வருடம் என்னையும் கூப்பிடுவார்கள். எல்வுட்டின் வண்டி எதிரே வந்து நின்றது. அவர் இறங்கி, மகள் வீட்டுக்குப் போகாமல் சாலையைக் கடந்து இங்கே வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் வாசல் விரிப்பின்மேல் நின்றுகொண்டார்.

"என்னைப் பத்தி ஏதோ எழுதறேன்னு லமார் சொன்னான்."

"எழுதிட்டிருக்கேன்."

"அந்தத் துணி விஷயம் போட்டிருக்கியா?"

நான் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன்.

"மேசைகிட்ட வந்து கேட்டியே தம்பி, எதுலேர்ந்து கிழிச்சதுன்னு. ஜூன் தைச்சதுன்னு சொல்லிட்டேன். அவ தைக்கலை. அவ அம்மா தைச்சுக் குடுத்தது. ஜூனுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. தப்பா எழுதிடப் போறியேன்னு வந்தேன். திருத்திக்க."

"எல்வுட்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"நான் சொன்னா அவ சாக்கு சொல்றேன்னு நினைப்பா. நீ சொன்னா வேற. அப்புறமும் போகக் கூடாதுன்னா, சரி, அது அவ இஷ்டம். தெரிஞ்சு சொல்லட்டும்." கதவைத் திறந்தவர் திரும்பி, "சூப்புக்கு லேட்டா வராதே. போன வருஷம் சிப்பியெல்லாம் லமாரே தின்னுட்டான்," என்றார்.

சாலையைக் கடந்து போனார். கோரின் கதவைத் திறந்து அவர் தோளில் இருந்த பனியைத் தட்டிவிடுவது என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.

எட்டாம் பகுதியில் "ஜூன் தைச்சதுப்பா" என்று இருக்கிறது. அவர் அப்படித்தான் சொன்னார், அதனால் மாற்றவில்லை. அவர் மாமியார் தைத்தது என்று நீங்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மணி இரண்டு ஐம்பது ஆகிவிட்டது. கோல் என் அலமாரிக்குள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது, கோட்டை எடுக்க வேண்டுமென்றால் அதைத் தொட்டாக வேண்டும். எதிர்வீட்டு வாசலில் நான் எதைச் சொல்கிறேன், கையில் என்ன வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பதை இங்கிருந்து எழுத முடியாது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தால்தான் தெரியும். அதற்குப் பிறகுள்ளதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுந்திருக்கிறேன்.